இசை விழா யாருக்காக? மேடைக்கு முந்திய கணக்கு

மூன்று நாள் இசை விழா ஒன்றுக்குள் பத்துப் பதினைந்து திட்டங்கள் ஒரே நேரத்தில் ஓடுகின்றன. கலைஞர் ஒப்பந்தம், மேடை, ஒலி ஒளி, டிக்கெட் விற்பனை, உரிமம், வண்டி நிறுத்தம், கழிப்பறை, பாதுகாப்பு, சாப்பாட்டுக் கடைகள், விளம்பரம் என ஒவ்வொன்றுக்கும் தனிப் பொறுப்பாளர், தனிக் கெடு, தனிச் செலவுக் கணக்கு உண்டு. எல்லாம் சொன்ன நாளில் முடிந்தும் விழா நட்டத்தில் போவதுண்டு. நிறுவனம் எதற்காக இந்த விழாவை நடத்துகிறது என்பதற்கு இவர்கள் ஆளுக்கொரு பதிலை வைத்துக்கொண்டு உழைப்பதே பெரும்பாலும் காரணம். அந்தப் பதிலை ஒன்றாக்கி, ஒவ்வொரு திட்டத்தையும் அதற்குக் கட்டுப்படுத்துவதைத்தான் வணிக உத்தியோடு திட்டங்களை இணைப்பது என்று மேலாண்மைத் துறை சொல்கிறது.

மலேசியாவில் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு சரவாக்கில் இருக்கிறது. 1998இல் தொடங்கிய மழைக்காடு உலக இசை விழாவை நடத்துவது சரவாக் சுற்றுலா வாரியம். குச்சிங்கிலிருந்து சுமார் 35 கிலோமீட்டர் தள்ளி, சந்துபோங் மலையடிவாரத்தில் உள்ள சரவாக் கலாசார கிராமம்தான் களம். வாரியத்தின் தொழில் டிக்கெட் விற்பதன்று. மாநிலத்துக்கு ஆள் வரவழைப்பது. விமான டிக்கெட், தங்கும் அறை, சாப்பாடு, வாடகை வண்டி என்று வெளியூர்க்காரர் செலவிடும் பணமே அதன் கணக்கில் வரவு.

இந்த ஒரு முடிவிலிருந்து மற்றவை கிளைக்கின்றன. பகல் நேரப் பட்டறைகளைப் பார்த்தால் இது விளங்கும். நீளவீட்டின் பலகைத் தரையில் சம்மணமிட்டு உட்காரும் பார்வையாளருக்குக் கை நீட்டும் தூரத்தில் ஒருவர் சாப்பே வாசிக்கிறார். ஒரே மரத்தைக் குடைந்து படகு வடிவில் செய்த நரம்புக் கருவி அது. ஓராங் ஊலு மக்களுடையது. பக்கத்திலேயே வேறொரு கண்டத்துக் கலைஞர் தன் கருவியோடு அதில் சேர்ந்துகொள்கிறார். இரவுக் கச்சேரிக்கு மட்டும் வருபவர் அன்றே வீடு திரும்பிவிடலாம். பகலிலும் கேட்க, கற்க ஏதாவது இருந்தால்தான் அறை எடுத்துத் தங்குவார். ஆக, பட்டறை என்பது அந்த விழாவின் வருமான உத்திக்கே தூண். இரவில் இரண்டு மேடைகள் அருகருகே நிற்கின்றன. ஒன்றில் பாட்டு நடக்கும்போதே மற்றொன்றில் அடுத்த குழு கருவிகளைச் சரிசெய்துகொள்ளும். கூட்டம் காத்திருந்து சலித்துக் கலைவதில்லை.

நெடுங்காலம் பெரிய நட்சத்திரங்களைத் துரத்தாமல் ஓடிய விழா, 2023இல் ஜிப்சி கிங்ஸ், 2024இல் கிதாரோ என்று பெயர்பெற்றவர்களையும் மேடையேற்றியது. கூட்டத்தைப் பெருக்க இது உதவும். ஆனால் நட்சத்திரத்தின் சம்பளம் ஏற ஏற, பட்டறைகளுக்கும் உள்ளூர்க் கலைஞர்களுக்கும் ஒதுக்கும் தொகையில் கை வைக்கத் தோன்றும். அங்கேதான் உத்தி காவலுக்கு நிற்க வேண்டும். இதே வாரியம் மீரி நகரில் 2006 முதல் ஜாஸ் விழாவும் நடத்திவருகிறது. அடுத்த ரிங்கிட்டை எந்த விழாவில் போடுவது என்பதை இரண்டையும் ஒரே மேசையில் வைத்துத்தான் முடிவு செய்ய முடியும்.

தமிழருக்குப் பழக்கமான சென்னை இசைப் பருவத்தின் உத்தி வேறு. 1927 காங்கிரஸ் மாநாட்டை ஒட்டி நடந்த இசை மாநாட்டிலிருந்து பிறந்த மியூசிக் அகாடமி, இசைக் கல்வியைத் தன் நோக்கமாக வைத்தது. காலையில் ஆய்வுரை அரங்கு, மாலையில் கச்சேரி என்ற அதன் ஒழுங்கு அப்படி வந்ததுதான். பல சபாக்களில் மதியக் கச்சேரிக்கு டிக்கெட் கிடையாது. இளம் வித்வான்கள் பாடுவார்கள். அந்த வேளையின் கணக்கை மட்டும் எடுத்தால் வரவே இல்லை. பத்தாண்டு கழித்து மாலைக் கச்சேரிக்கு ஆள் வேண்டுமே என்று பார்த்தால் அது முதலீடு.

இணைப்பு அறுந்தால் என்ன ஆகும் என்பதற்கும் சென்னையே சாட்சி. 2023 செப்டம்பர் 10 அன்று பனையூரில் நடந்த ஏ.ஆர்.ரகுமானின் ‘மறக்குமா நெஞ்சம்’ நிகழ்ச்சியில், டிக்கெட் வாங்கிய பலரால் உள்ளேயே போக முடியவில்லை. கிழக்குக் கடற்கரைச் சாலை திணறியது. விற்பனை ஒரு பக்கம் வெற்றி. மைதானமும் வாசலும் வண்டி நிறுத்தமும் அதற்கு ஈடு கொடுக்கவில்லை. பணத்தைத் திருப்பித் தருவதாக ரகுமானே அறிவிக்க வேண்டியதாயிற்று. எத்தனை டிக்கெட் விற்கலாம் என்பதை விற்பனைப் பிரிவு சொல்லக் கூடாது. வாசல் எத்தனை பேரை ஒரு மணி நேரத்தில் உள்ளே விடும், வெளியே விடும் என்பதை அளந்தவர் சொல்ல வேண்டும்.

இடர்க் கணக்கு இன்னொன்று. 2023 ஜூலை 21 இரவு, சிப்பாங்கில் நடந்த குட் வைப்ஸ் விழாவில் ‘தி 1975’ குழுவின் பாடகர் மேடையில் நடந்துகொண்ட விதத்தால், மீதி இரண்டு நாளையும் அரசு ரத்து செய்தது. பாட வேண்டிய உள்ளூர்க் குழுக்களும் கடை போட்டவர்களும் ஒரு தவறும் செய்யாமல் நட்டப்பட்டார்கள். ஏற்பாட்டு நிறுவனம் பிறகு லண்டன் நீதிமன்றம்வரை போனது. வெளிநாட்டுக் கலைஞர் நிகழ்ச்சிகளுக்கு ஒப்புதல் தரும் புஸ்பால் குழுவின் அனுமதி, மாநகர் மன்ற உரிமம், காவல்துறை இசைவு ஆகியவை மலேசியாவில் வெறும் தாள்வேலை இல்லை. ஒரே ஆளை நம்பி மூன்று நாள் விழாவை நடத்தலாமா என்பதை முன்பணம் கட்டுவதற்கு முன்பே கேட்க வேண்டும். ஒவ்வொரு பெரிய செலவுக்கும் முன்னால் ‘தொடரலாமா, நிறுத்தலாமா’ என்று உட்கார்ந்து பேசும் நாள் ஒன்றைத் திட்ட அட்டவணையிலேயே குறித்துவைப்பது நல்ல நிர்வாகிகளின் வழக்கம். கட்டிய பணம் போய்விடுமே என்று மேலும் பணத்தைக் கொட்டுவதை இது ஓரளவு தடுக்கும்.

ஜொகூருக்கு வருவோம். இங்கே எந்தப் பெரிய விழாவின் உத்தியையும் பாலத்துக்கு அந்தப் பக்கமுள்ள சிங்கப்பூரைப் பார்க்காமல் எழுத முடியாது. 2024 மார்ச்சில் டெய்லர் ஸ்விஃப்ட் சிங்கப்பூரில் ஆறு இரவுகள் பாடினார். 3 லட்சத்துக்கும் மேல் கூட்டம். தென்கிழக்கு ஆசியாவில் வேறெங்கும் அவர் பாடவில்லை. அதற்காகச் சலுகை கொடுத்ததைச் சிங்கப்பூர் அரசே ஒப்புக்கொண்டது. அந்தப் பணத்தோடு ஏலத்தில் இறங்குவது ஜொகூருக்குக் கட்டுப்படியாகாது.

ஆனால் நாணய மதிப்பு, நிலம், அறை வாடகை, சாப்பாடு எல்லாம் இந்தப் பக்கம் சாதகம். 2025 ஜனவரி 1 முதல் ஜொகூரின் வார விடுமுறை வெள்ளி சனியிலிருந்து சனி ஞாயிறுக்கு மாறிவிட்டதால், கோலாலம்பூர்க்காரருக்கும் சிங்கப்பூர்க்காரருக்கும் உள்ளூர்க்காரருக்கும் ஒரே இரண்டு நாள் ஓய்வு. ஜொகூரின் புக்கிட் சகாரிலிருந்து சிங்கப்பூரின் உட்லண்ட்ஸ் நார்த் செல்லும் ஆர்டிஎஸ் ரயில் மணிக்கு ஒரு திசையில் 10,000 பேரை ஏற்றும் திறனோடு திட்டமிடப்பட்டது. சேவை நள்ளிரவுவரை என்பது அறிவிப்பு. கடைசிப் பாட்டு 11 மணிக்கு முடிந்தால், 20,000 சிங்கப்பூர் ரசிகர்களை ரயில் மட்டும் கரை சேர்க்காது. ஆகவே நிகழ்ச்சி நிரலை எழுதுபவரும் பேருந்து ஏற்பாடு செய்பவரும் ஒரே அறையில் இருக்க வேண்டும். அல்லது ரசிகரை அன்றிரவு இங்கேயே தங்கவைப்பதை உத்தியாக்க வேண்டும்.

இரண்டாவதே கெட்டிக்காரத்தனம். தங்கவைக்க வேண்டுமானால் சரவாக்கின் சாப்பே போல இங்கே மட்டும் கிடைக்கும் ஒன்று வேண்டும். ஹார்மோனியமும் தபேலாவும் காம்புசும் வயலினும் சேர்ந்த ஜொகூர் கஸல் இருக்கிறது. சப்பின் ஆட்டம் இருக்கிறது. கஸல் மேளத்தில் தமிழ்க் காதுக்குப் பழகிய நாதமும் உண்டு. வெளிநாட்டுப் பெயருக்குச் செலவழிப்பதில் ஒரு பங்கை இவற்றுக்கு ஒதுக்கி, பகலில் பட்டறையும் இரவில் மேடையும் கொடுக்கும் விழாவே ஜொகூர் நடத்தத் தகுந்தது.