முடியாத பாட்டுக்கு ஒரு முடிவு

'நெஸ்ஸுன் தோர்மா' எப்படி முடியும் என்று, மேற்கத்திய இசையில் கொஞ்சம் காது வைத்தவர் யாரைக் கேட்டாலும் சொல்லிவிடுவார். டெனர் உச்சிக்கு ஏறி நிற்பார். ஒரு படி இறங்கி நிலைகொள்வார். வாத்தியங்கள் முழங்கி ஓயும், அரங்கம் எழுந்து கைதட்டும். கச்சேரிகளில் இப்படித்தான் நடக்கிறது. ஆனால் ஜாக்கோமோ புச்சீனி எழுதிய 'துராந்தோத்' ஆபராவில் இந்தப் பாட்டுக்கு முடிவு என்று ஒன்று கிடையாது. டெனர் மூச்சு விடுவதற்குள் வாத்தியங்கள் அடுத்த காட்சிக்குள் நுழைந்துவிடும். பிங் என்ற அமைச்சர் குறுக்கே வந்து பேரம் பேச ஆரம்பித்துவிடுவார்.

ஆபராவிலிருந்து 'ஹைலைட்ஸ்' என்று ஒரு மணி நேரத்தை மட்டும் வெட்டியெடுத்து விற்கும் இசைத்தட்டு கம்பெனிக்கு இது பெரிய தலைவலி. கத்தரியை எங்கே வைப்பது? ஒலியை மெல்லத் தேய்த்து மறைத்தால் பாட்டு காற்றில் கரைந்துபோனது போலிருக்கும். பட்டென்று நிறுத்தினால் மின்சாரம் போனது போலிருக்கும். ஹைலைட்ஸ் தட்டு வாங்கிக் கேட்டவர்கள் காலம் காலமாகச் சொல்லிவரும் குறைகளில் பாதி இந்த மாதிரி ஒட்டுப்போட்ட இடங்களைப் பற்றியதுதான். மீதிப் பாதி பாடகர்களைப் பற்றியது. இரண்டுக்கும் உதாரணமாக ஒரே தட்டைச் சொல்லலாம்: டெக்கா கம்பெனிக்காக ஜுபின் மேத்தா நடத்திய 'துராந்தோத்'.

1972 ஆகஸ்டில் லண்டன் கிங்ஸ்வே ஹாலில் பதிவானது அது. அந்தக் கட்டடத்துக்கு அடியில் அப்போது சுரங்க ரயில் ஓடிக்கொண்டிருந்தது. அங்கே பதிவான பல தட்டுகளில், இசை அடங்கும் நேரத்தில் ரயிலின் உறுமல் லேசாகக் கேட்கும். ஆனாலும் கம்பெனிகள் அந்த ஹாலை விடவில்லை. சேர்ந்திசைக் குழுவும் பெரிய ஆர்க்கெஸ்ட்ராவும் ஒன்றை ஒன்று அமுக்காமல் ஒலிக்கும் இடங்கள் அப்படிப் பல இல்லை. வாசித்தது லண்டன் ஃபில்ஹார்மோனிக், பாடியது ஜான் ஆல்டிஸ் சேர்ந்திசைக் குழு. பம்பாயில் பிறந்த மேத்தாவுக்கு அப்போது வயது 36. இளவரசன் காலாஃபாகப் பாடிய லூசியானோ பவரொட்டிக்கும் அதே வயது. துராந்தோத்தாக ஜோன் சதர்லாண்ட், அடிமைப் பெண் லியூவாக மோன்செராத் கபாயே, கண்ணிழந்த முதியவர் திமூராக நிக்கோலாய் கியாவுரோவ். போதாததற்கு, சில நிமிஷங்களே வந்துபோகும் கிழச் சக்கரவர்த்தி அல்தூமாக ஆங்கிலேய டெனர் பீட்டர் பியர்ஸ். ஒரு பாத்திரம்கூட வீணாகாத கூட்டணி.

முழு ஆபரா சுமார் இரண்டு மணி நேரம் ஓடும். எல்.பி. காலத்தில் அது மூன்று தட்டுள்ள கனத்த பெட்டி, கூடவே பாட்டுப் புத்தகம். விலையும் அதற்கேற்ப இருக்கும். அதனால்தான் ஒரே தட்டில் முக்கியப் பகுதிகளை மட்டும் தரும் வழக்கம் வந்தது. எல்.பி.யின் ஒரு பக்கம் இருபத்தைந்து நிமிஷத்துக்குச் சற்று மேலே போனாலே பெரிது. எனவே இரண்டு பக்கமும் சேர்த்து ஐம்பது நிமிஷம் என்பது வியாபாரக் கணக்கு மட்டுமல்ல, பள்ளத்தில் ஓடும் ஊசியின் கணக்கும்கூட. சி.டி. வந்த பிறகு எழுபது நிமிஷம் வரை இடம் கிடைத்தது. ஆனாலும் கத்தரி போட்ட கைகளுக்குப் பழக்கம் போகவில்லை.

நம் ஊரில் இதற்கு நெருங்கிய சொந்தம் வானொலியின் ஒலிச்சித்திரம். ஒரு முழுப் படத்தின் ஒலியை ஒரு மணி நேரத்துக்குச் சுருக்கிப் போடுவார்கள். படத்தைப் பார்த்தவர்களுக்கு அது நினைவூட்டல், பார்க்காதவர்களுக்கு ஏக்கம். ஹைலைட்ஸ் தட்டும் இந்த இருவருக்காகத்தான். ஆனால் இருவருக்கும் வேண்டியது வேறு வேறு. கருத்துகள் முட்டிக்கொள்வதும் அதனால்தான்.

முதலில் குரல் வழக்கு. மேத்தாவின் தட்டைப் பற்றிப் பேச்செடுத்தால் முதலில் அடிபடுவது சதர்லாண்டின் பெயர். 1959இல் லண்டன் காவன்ட் கார்டனில் 'லூச்சியா'வாகப் பாடி ஒரே இரவில் நட்சத்திரமான ஆஸ்திரேலியர். வேகமான பிருகா, பறவை போலத் தாவும் உச்சஸ்தாயி, இவைதான் அவருடைய ராஜ்யம். துராந்தோத் வேடமோ இரும்பு மாதிரிக் குரல் கேட்பது. அன்றைக்கு அந்த வேடம் என்றால் ஸ்வீடன் நாட்டு பிர்கிட் நில்சன்தான். 1959இல் லைன்ஸ்டோர்ஃப் நடத்த ஒரு பதிவு, 1965இல் மோலினாரி-பிராதெல்லி நடத்த இன்னொன்று என இரண்டு முறை ஸ்டூடியோவில் பாடியிருந்தார். ஆகவே சதர்லாண்ட் இதைப் பாடப்போகிறார் என்றதும் இதென்ன விபரீதம் என்று நினைத்தவர்கள் உண்டு. அவர் மேடையில் இந்த வேடத்தைக் கட்டியதே இல்லை, ஒலிப்பதிவோடு சரி.

கேட்டவர்கள் இரண்டு கட்சியானார்கள். ஒரு சாராருக்கு அவருடைய உச்சரிப்பு தாங்கவில்லை. மெய்யெழுத்துகளை விழுங்குகிறார், இத்தாலிய வார்த்தைகள் பஞ்சுப் பொதிக்குள்ளிருந்து வருவது போல இருக்கின்றன என்பது அவர்மேல் எப்போதும் உள்ள புகார். இந்தத் தட்டிலும் அதையே சொன்னார்கள். இன்னொரு சாரார், நில்சனிடம் கிடைப்பது பனிக்கட்டி, இவரிடம் கிடைப்பது பனிக்கட்டிக்குள் அகப்பட்ட பெண் என்றார்கள். நான் இரண்டாவது கட்சி. ஆனால் ஒரு நிபந்தனையோடு. அவர் முதன்முதலில் பாடும் 'இன் க்வெஸ்தா ரெஜ்ஜா'வை எடுத்துக்கொள்ளுங்கள். ஆயிரக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் அந்நியனால் சீரழிக்கப்பட்டுக் கொலையுண்ட தன் மூதாதைப் பெண்ணின் கதையைச் சொல்லி, அதற்குப் பழிதீர்க்கவே தன்னை மணக்க வரும் இளவரசர்களைக் கொல்வதாகத் துராந்தோத் அறிவிக்கும் இடம். பல பாடகிகள் எடுத்த எடுப்பிலேயே கத்தி வீசுவார்கள். சதர்லாண்ட் ஆரம்ப வரிகளை யாரோ தூரத்துச் சொந்தத்தை நினைத்துக்கொள்வது போல அடக்கி வாசிக்கிறார். கோபம் பிறகுதான் ஏறுகிறது. கடைசியில் பவரொட்டியின் குரல் சேர்ந்துகொண்டு இருவரும் உச்ச 'சி'யைத் தொடும்போது, அது சண்டையா சம்மதமா என்று சொல்ல முடியாது. வார்த்தை தெளிவில்லை என்பது உண்மைதான். கையில் பாட்டுப் புத்தகம் இருந்தால் அந்தக் குறை பாதியாகிவிடும்.

என் நிபந்தனை அதுதான். பெரும்பாலான ஹைலைட்ஸ் தட்டுகளில் பாட்டுப் புத்தகம் இருக்காது. அரைப் பக்கத்துக்குக் கதைச் சுருக்கம் போட்டிருந்தாலே அதிர்ஷ்டம். மலிவான தட்டை வாங்குபவர்தான் பெரும்பாலும் புதியவர், அவருக்குத்தான் வார்த்தை வேண்டும். அதைப் பிடுங்கிக்கொண்டு முழுப் பெட்டி வாங்கும் பழக்கப்பட்டவருக்குக் கொடுப்பது என்ன நியாயமோ.

கபாயேயைப் பற்றிய கருத்துவேற்றுமை இதைவிட நுட்பமானது. லியூ என்பவள் ஒருநாள் தன்னைப் பார்த்து இளவரசன் சிரித்தான் என்பதற்காக அவனுக்கு உயிரைக் கொடுக்கும் பணிப்பெண். 'சின்யோரே அஸ்கோல்தா' பாட்டின் கடைசியில் ஒரு உயர்ந்த சுரம் மெலிதாகத் தொடங்கி, நூலிழையாக நீண்டு, சற்றே பெருக வேண்டும். கபாயேயின் மூச்சுக் கட்டுப்பாட்டுக்கு அது விளையாட்டு. அவர் அங்கே சுரத்தை நிறுத்தி வைத்திருப்பதைக் கேட்பதற்காகவே தட்டு வாங்கலாம் என்பவர்களோடு எனக்குச் சண்டையில்லை. இவ்வளவு பெரிய குரல் அடிமைப் பெண்ணுடையதா, ராணிக்கு ராணி எதிரே நிற்கிறாளே என்று சொல்பவர்கள் சொல்வதிலும் விஷயம் இருக்கிறது. சில வருஷங்கள் கழித்து, 1977இல் சான் ஃபிரான்சிஸ்கோவில், அதே கபாயே துராந்தோத்தாகவே மேடை ஏறினார். காலாஃபாக எதிரே நின்றவர் பவரொட்டி, அந்த வேடத்தில் அவருக்கு அதுதான் முதல் மேடை. ஆக, 1972இல் நாம் கேட்பது மேடையேறாத துராந்தோத், மேடையேறாத காலாஃப்.

பவரொட்டியின் குரலைப் பற்றிப் பெரிய தகராறு இல்லை. 36 வயது, குரல் முழு வெயிலில் இருக்கிறது. ஆனால் ஒரு சின்ன விஷயம். 'நெஸ்ஸுன் தோர்மா' முடிவில் அவர் பிடித்து நிறுத்தும் அந்தப் பிரபல 'பி' சுரம், புச்சீனியின் தாளில் மிகக் குறுகியது. தொட்டுவிட்டு அடுத்ததில்தான் நிற்க வேண்டும். நிறுத்திப் பிடிப்பது டெனர்களின் பரம்பரைச் சொத்து. யாரும் வழக்குப் போடவில்லை, நானும் போடப்போவதில்லை.

1990 உலகக் கோப்பைக் கால்பந்து இத்தாலியில் நடந்தபோது, பி.பி.சி. தன் ஒளிபரப்பின் முகப்பு இசையாக இந்தப் பதிவின் 'நெஸ்ஸுன் தோர்மா'வை எடுத்துக்கொண்டது. பிரிட்டனின் பாப் விற்பனைப் பட்டியலில் அது இரண்டாம் இடம் வரை போனது. அந்த ஆண்டு ஜூலையில் ரோம் காரகல்லா இடிபாடுகளுக்கிடையே பவரொட்டி உட்பட மூன்று டெனர்கள் சேர்ந்து அதைப் பாடியபோது, நடத்தியவர் மறுபடியும் மேத்தா. அதன்பிறகு ஹைலைட்ஸ் தட்டுக்குப் புதிதாக ஒரு கூட்டம் வந்தது. அவர்களுக்குத் துராந்தோத் யார் என்பதே தெரியாது. மூன்று நிமிஷப் பாட்டுக்காக வாங்கினார்கள். அவர்களில் எத்தனையோ பேர் முதலில் கேட்டது கடைக்காரரைத்தான்: இதென்ன, பாட்டு முடியவே இல்லையே? பழம் ரசிகர்கள் இதைக் கேட்டுச் சிரித்தார்கள். சிரித்திருக்க வேண்டியதில்லை. புதியவர்கள் கவனித்தது சரியான இடத்தைத்தான். பாட்டு உண்மையிலேயே முடியவில்லை. ஏன் முடியவில்லை என்று தெரிந்துகொள்ளும் வழியைத் தட்டு கொடுக்கவில்லை, அவ்வளவுதான்.

குரல் சண்டையில் எல்லோரும் மும்முரமாக இருக்க, நிஜமான நஷ்டம் கவனிக்கப்படாமல் போகிறது. 'துராந்தோத்'தின் மூன்றாவது கதாநாயகன் என்று நான் சொல்வது பீக்கிங் நகரத்து ஜனங்களை. முதல் அங்கத்தில் துராந்தோத் ஒரு வார்த்தை பாடுவதில்லை. துராந்தோத் போட்ட மூன்று விடுகதைக்கும் விடை சொல்லத் தவறிய பாரசீக இளவரசனின் தலையை வெட்டுவதற்காகக் கத்தியைச் சாணை பிடிக்கிறார்கள், ஜனங்கள் குதூகலமாகக் கூடப் பாடுகிறார்கள். பிறகு நிலவு எப்போது எழும் என்று காத்துக்கிடக்கிறார்கள், ஏனென்றால் நிலவு எழுந்தால்தான் வெட்டு. சிறுவர்கள் மல்லிகைப் பூவைப் பற்றிய சீன நாட்டுப்பாடலின் மெட்டைப் பாடி வருகிறார்கள். புச்சீனி அந்த மெட்டை, சீனாவில் இருந்து வந்த நண்பர் ஒருவரின் இசைப்பெட்டியில் கேட்டார். கடைசியில் அந்த இளைஞனின் முகத்தைப் பார்த்ததும், சற்று முன் ரத்தம் கேட்ட அதே வாய்கள் கருணை கேட்கின்றன. துராந்தோத் மாடத்தில் தோன்றிக் கையசைக்கிறாள். அவ்வளவுதான், தலை விழுகிறது. காலாஃப் காதலில் விழுகிறான்.

இந்த இருபது நிமிஷத்தைத்தான் ஹைலைட்ஸ் தட்டுகள் முதலில் வெட்டும். தனியாகப் பாடத் தகுந்த பாட்டு இதில் இல்லையே. ஆனால் இது இல்லாவிட்டால் அடுத்த அங்கத்து விடுகதைகள் வெறும் வினாடி வினா. தோற்றால் என்ன ஆகும் என்பதை நம் காதால் கேட்டிருந்தால்தானே மூன்றாவது கேள்வியில் நெஞ்சு அடைக்கும்? ஆல்டிஸ் குழு நிலவுக்காகப் பாடும் அந்தப் பகுதியில் மேத்தா வாத்தியங்களைக் கிசுகிசுப்பாக இறக்கியிருக்கிறார். கிங்ஸ்வே ஹாலின் காற்றே அதில் கேட்கிறது. இந்தப் பதிவின் உண்மையான உச்சம் எது என்று என்னைக் கேட்டால், பவரொட்டியை விட்டுவிட்டு இந்த இடத்தைத்தான் சொல்வேன்.

இன்னொரு வெட்டு மூன்றாம் அங்கத்தில். லியூ தன்னைக் குத்திக்கொண்டு விழுந்ததும், கண் தெரியாத திமூர் அவள் இறந்தது புரியாமல் எழுந்திரு, விடிந்துவிட்டது என்று அழைக்கிறார். பிறகு கூட்டம் அவள் உடலைச் சுமந்து மெல்ல விலகிப்போகிறது. புச்சீனி எழுதி முடித்தது அதுவரைக்கும்தான். தொண்டைப் புற்றுநோய்க்குச் சிகிச்சைக்காகப் போயிருந்த பிரஸ்ஸல்ஸில், 1924 நவம்பர் 29 அன்று இறந்துபோனார். மிச்சத்தை அவருடைய குறிப்புகளை வைத்து ஃபிராங்கோ அல்ஃபானோ எழுதினார். 1926 ஏப்ரல் 25 அன்று மிலானின் லா ஸ்காலாவில் நடந்த அரங்கேற்றத்தில், இந்த இடம் வந்ததும் இசையை நடத்திய தோஸ்கானினி கோலைக் கீழே வைத்துவிட்டார். அல்ஃபானோவின் முடிவு அடுத்த நிகழ்ச்சியில்தான் ஒலித்தது. ஆனால் பல ஹைலைட்ஸ் தட்டுகள் லியூவின் பாட்டு முடிந்த கையோடு அந்த ஊர்வலத்தைத் தாண்டிக் குதித்து, அல்ஃபானோவின் ஆரவாரமான முடிவுக்குப் போய்விடும். அதில் 'நெஸ்ஸுன் தோர்மா' மெட்டையே எல்லோரும் சேர்ந்து முழங்குவதால், வாங்கியவருக்குப் பிடித்த பாட்டு இரண்டு தடவை கிடைத்த திருப்தி. கியாவுரோவ் மாதிரி ஒரு குரலை அழைத்து வந்துவிட்டு, அவருக்கென்று இருக்கும் ஒரே இடத்தை வெட்டுவதை என்னால் ஜீரணிக்க முடிவதில்லை.

ஹைலைட்ஸே வேண்டாம் என்று சொல்லும் கட்சியில் நான் இல்லை. இன்றைக்கு முழுப் பதிவும் கைப்பேசியிலேயே கிடைக்கிறது. அதனாலேயே முழுசாகக் கேட்பவர்கள் பெருகிவிட்டார்கள் என்று நம்ப எனக்குத் தைரியமில்லை. ஒரு மணி நேரம் ஒதுக்கக்கூடியவருக்கு ஒரு மணி நேரத் தட்டு இருக்கத்தான் வேண்டும். கத்தரி என் கையில் வந்தால், மேத்தாவின் பதிவிலிருந்து முதல் அங்கத்தைச் சாணைக் கல்லிலிருந்து கடைசியில் காலாஃப் மூன்று முறை மணி அடிப்பது வரை, நடுவில் அமைச்சர்கள் பேச்சைக் கொஞ்சம் குறைத்து, ஒரே மூச்சில் போடுவேன். 'இன் க்வெஸ்தா ரெஜ்ஜா'வும் மூன்று விடுகதைகளும் பிரிக்காமல் இருக்கும். 'நெஸ்ஸுன் தோர்மா' வரும், அதன் வாலைப் பிடித்துக்கொண்டு பிங்கும் வருவார், பேரம் பேசட்டும். லியூவின் மரணம், திமூரின் புலம்பல், ஊர்வலம். அங்கேயே தட்டை நிறுத்திவிடுவேன். அல்ஃபானோவின் காதல் டூயட் வேண்டுமென்பவர்கள் முழுப் பெட்டியை வாங்கிக்கொள்ளட்டும்.