உங்களுக்குத் தெரியுமா? இழுப்பது வேறு, சுமப்பது வேறு!

கண்டெய்னர் லாரியின் முன்வண்டியையும் பின்வண்டியையும் பிணைக்கும் அதே ‘ஐந்தாம் சக்கர’ இணைப்புதான், அமெரிக்காவில் பெரிய வீட்டு வண்டிகளைப் பிக்கப் வண்டியின் பின்தொட்டியில் பூட்டுகிறது. அத்தகைய வீட்டு வண்டியை வாங்குபவர் முதலில் கேட்க வேண்டியது கட்டிலையும் சமையலறையையும் பற்றி அல்ல, பிக்கப் எவ்வளவு சுமக்கும் என்பதையே. வீட்டு வண்டியின் எடையில் ஏறத்தாழ 15 முதல் 25 சதவீதம் பிக்கப்பின் மேல் இறங்கும். 5 டன் வண்டிக்கு 20 சதவீதம் என்றால் 1 டன்! கண்டெய்னர் லாரி தாங்குகிறதே என்பார்கள். ஆனால் அதன் அடிச்சட்டமும் அச்சும் அதற்கென்றே கட்டப்பட்டவை. பிக்கப்புக்கு இழுவைத் திறன் மட்டும் இருந்தால் போதாது.

அத்தகைய வண்டியைத் தமிழ்நாட்டில் குயிலாப்பாளையம் முதல் மரக்காணம் உப்பளம் வரையிலான கடலோரப் பகுதியில் வைத்திருப்பதானால் இன்னொரு கேள்வியும் அவசியம்: வண்டியின் அடிச்சட்டத்துக்குத் துத்தநாகப் பூச்சு உண்டா? உப்பு ஈரத்தைப் பிடித்துவைப்பதால் இரும்பு வேகமாகத் துருப்பிடிக்கும். பூச்சு இருந்தாலும் அடிப்பாகத்தை அடிக்கடி நல்ல தண்ணீரில் கழுவியே ஆக வேண்டும்.