அணையின் அளவைக் காட்டும் முள்



ஆட்டோவில் ஏறி அமர்ந்ததும் நம் கண் போகுமிடம் மீட்டர்தான். வீட்டுச் சமையல் வாயு சிலிண்டருக்கு மீட்டர் கிடையாது; தூக்கிப் பார்த்து, ஆட்டிப் பார்த்து, "இன்னும் பத்து நாள் வரும்" என்று அம்மா சொல்வதுதான் கணக்கு. காவிரி அணைகளின் நீர்மட்டம் நம்மவர் பலருக்கும் இந்த சிலிண்டர் கணக்காகத்தான் இருந்து வருகிறது. நம் சங்கத்தின் இணையப் பக்கத்தில் அதை ஒரு முள்மானியாகக் காட்டுகிறோம். "எங்கள் பக்கத்திலும் அப்படி ஒன்று வைக்க வேண்டும், வழி சொல்லுங்கள்" என்று வேறு சங்கத்து அன்பர்கள் கேட்பதால் இதை எழுதுகிறேன். செய்முறை ஒரு மாலைப் பொழுதில் முடிந்துவிடும். அதில் நான் செய்த பிழையைச் சொல்லத்தான் கொஞ்சம் இடம் வேண்டும்.

முதலில் எளிய வழி. இணையப் பக்கங்களை எழுதும் ஹெச்.டி.எம்.எல். மொழியில் "மீட்டர்" என்றே ஒரு குறி இருக்கிறது. குறைந்த அளவு (மின்), உச்ச அளவு (மேக்ஸ்), இன்றைய அளவு (வேல்யூ) மூன்றையும் கொடுத்தால் ஒரு பட்டை வந்துவிடும். லோ, ஹை, ஆப்டிமம் என்று இன்னும் மூன்று கொடுத்தால், எங்கே சிவப்பு, எங்கே மஞ்சள், எங்கே பச்சை என்பதை உலாவியே முடிவு செய்துகொள்ளும். ஒரே வரிதான். ஆனால் பட்டையின் தோற்றம் ஒவ்வொரு உலாவியிலும் ஒவ்வொரு விதமாக இருக்கும்.

வட்டமான மானி வேண்டுமென்றால் எஸ்.வி.ஜி. என்ற படமொழியில் வரைய வேண்டும். 200 அகலம், 110 உயரம் உள்ள ஒரு கட்டத்தில் அரை வட்டம் ஒன்று. நடுப்புள்ளி 100, 100. அங்கிருந்து இடப்பக்கம் நேராகப் படுத்திருக்கும் ஒரு கோடுதான் முள். இன்றைய அளவிலிருந்து குறைந்த அளவைக் கழித்து, வரும் எண்ணை மொத்த வீச்சால் வகுத்து, 180-ஆல் பெருக்கினால் முள் எத்தனை பாகை திரும்ப வேண்டும் என்று கிடைக்கும். அந்தப் பாகையை "ரொட்டேட்" என்ற கட்டளைக்குக் கொடுத்தால் முள் எழுந்து நிற்கும். ஜாவாஸ்கிரிப்டில் நான்கைந்து வரி.

நானும் 2023 செப்டம்பரில் இப்படித்தான் செய்தேன். கிருஷ்ணராஜசாகரத்தின் முழு உயரம் 124.80 அடி. அப்போது நீர்மட்டம் ஏறக்குறைய 97 அடி. கணக்குப் போட்டால் 140 பாகை. முள் வலப்பக்கம் நன்றாகச் சாய்ந்து பச்சையில் நின்றது. எனக்கு ஒரே பெருமை. மறுநாள் ஸ்ரீராம்புரம் மெட்ரோ நிலையத்தடியில் நம் சங்கத்துப் பெரியவர் ஒருவர் என்னை நிறுத்தினார். கையில் தொலைபேசி, அதில் என் மானியின் படம்.

"தம்பி, முக்கால் அணைக்கு மேல் தண்ணீர் இருக்கிறதே! அப்புறம் ஏன் இல்லை இல்லை என்கிறார்கள்?"

"ஐயா, அது அடிக்கணக்கு..." என்று இழுத்தேன்.

"அடியோ முழமோ, பச்சையில்தானே நிற்கிறது? ஊரிலிருக்கும் தம்பிகளுக்கெல்லாம் அனுப்பிவிட்டேன்" என்றார்.

அது எந்த நேரம் என்று பாருங்கள். அந்த மாதம் 26-ஆம் தேதி பெங்களூரில் முழு அடைப்பு. 29-ஆம் தேதி மாநிலம் முழுவதும். 1991 டிசம்பரில் இந்நகரில் நடந்ததையும், 2016 செப்டம்பர் 12-ஆம் தேதி பேருந்துகள் எரிந்ததையும் நம் தெருக்களில் மறந்தவர் யார்? அந்த நேரத்தில் நம் சங்கத்தின் பெயரைத் தாங்கி, பொய் சொல்லும் முள் ஒன்று ஊர் ஊராகப் போய்க்கொண்டிருந்தது.

எண்ணில் பிழை இல்லை. அடியை அளந்ததுதான் பிழை. அணை என்பது நம் மாடியிலுள்ள தண்ணீர்த் தொட்டி போல நேராக எழுந்து நிற்பதன்று. அடி குறுகி வாய் அகன்ற கிண்ணம் போன்றது. மேட்டூரை எடுத்துக்கொள்ளுங்கள். முழு உயரம் 120 அடி, முழுக் கொள்ளளவு 93.47 டி.எம்.சி. பாதி உயரமான 60 அடியில் பாதித் தண்ணீர் இருக்குமென்று தோன்றும். இருப்பது சுமார் 25 டி.எம்.சி.தான். 100 அடிக்கு வரும்போது சுமார் 65. அதாவது கீழுள்ள 60 அடி முழுவதும் கொள்ளும் நீரைவிட மேலுள்ள 20 அடி கொள்ளும் நீர் அதிகம்! (ஒரு டி.எம்.சி. என்பது நூறு கோடி கன அடி. லிட்டரில் சொன்னால் 2,830 கோடிக்குச் சற்று மேல்.)

கிருஷ்ணராஜசாகரமும் அப்படியே. முழுக் கொள்ளளவு 49.45 டி.எம்.சி. 97 அடியில் இருந்தது ஏறக்குறைய 21 டி.எம்.சி. அதன்படி முள் 140 பாகையில் அல்ல, 76 பாகையில் நின்றிருக்க வேண்டும், நடுவுக்கும் இடப்பக்கம். அதிலும் அடியிலுள்ள நான்கு டி.எம்.சி.க்கு மேற்பட்ட நீர் மதகு வழியே எடுக்க முடியாதது. அதே தண்ணீர்தான் தொரேகாடனஹள்ளி வழியாக நூறு கிலோமீட்டர் ஏறி வந்து நம் வீட்டுக் குழாயிலும் விழுகிறது என்பதையும் நான் வசதியாக மறந்திருந்தேன்.

அன்றிரவே மானியைத் திருத்தினேன். உள்ளே ஒரு சிறு அட்டவணை: இத்தனை அடிக்கு இத்தனை டி.எம்.சி. என்று பத்து அடிக்கு ஒரு வரி. இடைப்பட்ட அடிகளுக்கு அடுத்தடுத்த இரு வரிகளுக்கு நடுவே விகிதம் பார்த்துக்கொண்டால் போதும். முள் இப்போது டி.எம்.சி.யைக் காட்டுகிறது, அடி கீழே சிறிய எழுத்தில் வருகிறது. பச்சை, சிவப்பு இரண்டையும் எடுத்துவிட்டேன். ஜூன் மாதத்தில் 20 டி.எம்.சி. என்பது ஒரு பொருள், அக்டோபரில் வேறு பொருள். அதற்கு நிறம் தீட்ட நான் யார்? ஒரே நீலம். நிறத்துக்குப் பதிலாக, சென்ற ஆண்டு இதே நாளில் முள் எங்கே நின்றது என்பதற்கு ஒரு மெல்லிய கோடு.

பார்ப்பவர் கையாலும் தொட்டுப் பார்க்கும்படி செய்ததுதான் பிள்ளைகளுக்குப் பிடித்தது. ஹெச்.டி.எம்.எல்.-லில் "ரேஞ்ச்" என்றொரு நழுவுபட்டை உண்டு. அதை மானிக்குக் கீழே வைத்து, நகர்த்தும்போதெல்லாம் முள் திரும்பும்படி இணைத்துவிட்டால் போதும். மேட்டூர் மானியில் 120-லிருந்து 100-க்கு இழுத்தால் முள் தடதடவென்று இறங்குகிறது. 40-லிருந்து 20-க்கு இழுத்தால் அசைகிறதா என்றே சந்தேகம். நான் மேலே இரண்டு பத்தியில் சொன்னதை எட்டு வயதுச் சிறுமி ஒருத்தி ஒரே இழுப்பில் புரிந்துகொண்டாள். ஆனால் கையை எடுத்ததும் முள் இன்றைய அளவுக்குத் திரும்பிவிட வேண்டும். இல்லையேல் யாரோ இழுத்துவிட்ட அளவு, படமாகி ஊர் போய்ச் சேரும்.

இன்னொரு ஆபத்தையும் சொல்லிவிடுகிறேன். அளவு எங்கிருந்தேனும் தானாக வரும்படி அமைத்திருந்தால், ஒருநாள் அது வராமல் போகும். அப்போது கிடைப்பது வெற்றிடம். ஜாவாஸ்கிரிப்டில் வெற்று எழுத்தை எண்ணாக மாற்றினால் பூஜ்யம் ஆகிவிடும். அணை ஒரே இரவில் வற்றிப்போனதாக முள் இடக்கோடிக்கு விழும்! ஆகவே எண் வந்திருக்கிறதா என்று முதலில் பார்த்து, வரவில்லையென்றால் முள்ளையே மறைத்து "இன்று அளவு வரவில்லை" என்று எழுத வேண்டும். வந்தாலும் எந்தத் தேதி, எத்தனை மணி அளவு என்பது முள்ளுக்கு அடியிலேயே தெரிய வேண்டும். ஒரு நாள் கடந்தால் முள் சாம்பல் நிறமாகிவிடும்படி வைத்திருக்கிறேன். 2024 ஜூலையில் மேட்டூர் நாற்பது அடியிலிருந்து ஒரே மாதத்துக்குள் 120 அடிக்கு ஏறியது. அப்படிப்பட்ட நாட்களில் முந்தாநாள் அளவு குப்பைக்குச் சமம்.

எழுத்தைப் பற்றி ஒரு வார்த்தை. நம் பிள்ளைகளில் பலர் கன்னடத்தைக் கடகடவென்று படிப்பார்கள். தமிழை எழுத்துக் கூட்டித்தான் படிக்கிறார்கள். பக்கத்து வீட்டுக் கன்னட நண்பரும் இந்த மானியைப் பார்க்கிறார். ஆகவே அணையின் பெயரும் அளவும் இரு மொழியிலும் இருக்கின்றன. கண் பார்வையற்ற அன்பர்களின் திரைவாசிப்பானுக்காக, "மேட்டூர், 93.47-இல் இத்தனை டி.எம்.சி." என்று முழு வாக்கியமாக அதே எண்ணைப் படத்துக்குள்ளேயே எழுதி வைத்திருக்கிறோம்.

நம் பக்கத்தில் அளவு தானாக வருவதில்லை. காலையில் ஒருவர் பார்த்துக் கையால் பதிகிறார். இம்முறை அந்தப் பொறுப்பு மல்லேஸ்வரத்தில் கல்லூரியில் படிக்கும் நம் தெருப் பெண்ணுக்கு. தேர்வு நாட்களில் பதிய இன்னொருவர் தேவைப்படுகிறார். விருப்பமுள்ளவர்கள் சங்க அலுவலகத்தில் ஞாயிறு மாலை என்னைப் பார்க்கலாம். கணிப்பொறி தெரிந்திருக்க வேண்டியதில்லை.