சர்வர் நம்முடையது... சாவி யாரிடம்? சொந்த ஸ்டோரேஜ் வைப்பவர்கள் கவனிக்க வேண்டியவை!

ஒரு ஸ்கேன் சென்டரை எடுத்துக்கொள்வோம். தினமும் எக்ஸ்ரே, சிடி ஸ்கேன் படங்கள் மலைபோல் குவிகின்றன. கிளவுட் நிறுவனத்துக்கு மாதாமாதம் பில் கட்டி மாளவில்லை. “நம்மளே ஒரு சர்வர் போட்டுக்கலாம் சார், சாஃப்ட்வேர் ஃப்ரீதான்” என்கிறார் ஐடி ஊழியர். ஒரே மாலையில் வேலை முடிகிறது. படங்கள் ஏறுகின்றன, திறக்கின்றன. எல்லோருக்கும் திருப்தி.

ஆனால், அந்த சர்வரின் 9000-வது போர்ட்டை உலகின் எந்த மூலையில் இருந்தும் தட்டிப் பார்க்கலாம் என்பது அங்கே யாருக்கும் தெரியாது. இது ஓர் உதாரணம்தான். என்றாலும், இப்படித் திறந்து கிடந்த சர்வர்களுக்குள் ஹேக்கர்கள் நுழைந்த சம்பவம் 2023-ல் நிஜமாகவே நடந்தது.

ஆப்ஜெக்ட் ஸ்டோரேஜ் என்றால் என்ன?

கோயில் வாசலில் செருப்பு விடும் இடத்தை நினைத்துக்கொள்ளலாம். செருப்பைக் கொடுத்தால் டோக்கன் தருவார்கள். எந்த அடுக்கில் வைத்தார்கள் என்பது நமக்குத் தேவையில்லை. டோக்கனைக் காட்டினால் செருப்பு கைக்கு வந்துவிடும். ஆப்ஜெக்ட் ஸ்டோரேஜும் கிட்டத்தட்ட அப்படித்தான். ஒவ்வொரு ஃபைலுக்கும் ஒரு பெயர் உண்டு. ஃபைல்களைப் போட்டு வைக்கும் இடத்துக்கு ‘பக்கெட்’ என்று பெயர்.

அமேசான் 2006 மார்ச்சில் தொடங்கிய எஸ்3 சேவை இதைப் பரவலாக்கியது. எஸ்3-க்காக எழுதப்பட்ட செயலிகள் அப்படியே வேலை செய்யும் வகையில், சொந்த சர்வரில் நிறுவிக்கொள்ளும் சாஃப்ட்வேர்களும் வந்தன. மினியோ, செஃப், கேரேஜ் போன்றவை இந்த ரகம். இவற்றில் மிகவும் பிரபலமானது மினியோ.

2023-ல் என்ன நடந்தது?

பல சர்வர்களைச் சேர்த்து ஒரே தொகுப்பாக ஓடும் மினியோவில் ஒரு ஓட்டை இருந்தது. குறிப்பிட்ட முகவரிக்கு ஒரே ஒரு கோரிக்கை அனுப்பினால் போதும். ரூட் பாஸ்வேர்டு உள்பட சர்வரின் ரகசிய அமைப்புகள் அனைத்தும் பதிலாக வந்து விழும். லாகின் செய்யக்கூடத் தேவையில்லை. சிவிஇ-2023-28432 என்ற எண்ணில் இது பதிவானது.

2023 மார்ச்சில் திருத்தப்பட்ட பதிப்பு வெளியானது. ஏப்ரலில், ஹேக்கர்கள் பயன்படுத்திவரும் ஓட்டைகளின் பட்டியலில் அமெரிக்காவின் சிஐஎஸ்ஏ இதைச் சேர்த்தது. செப்டம்பரில் இன்னொரு தகவல் வந்தது. இந்த ஓட்டையுள்ள பதிப்பு ஓடிய சர்வருக்குள் நுழைந்தவர்கள், மினியோவையே தூக்கிவிட்டு, பின்கதவு வைத்த போலி மினியோவைப் பொருத்தியிருந்ததை செக்யூரிட்டி ஜோஸ் நிறுவனம் கண்டுபிடித்தது. வெளிப்பார்வைக்கு எல்லாம் வழக்கம்போலவே ஓடிக்கொண்டிருக்கும்.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று. அப்டேட் செய்தால் ஓட்டை அடைபடும். ஆனால், அதற்கு முன்பே பாஸ்வேர்டு வெளியே போயிருந்தால்? பூட்டைச் சரிசெய்தால் மட்டும் போதாது, சாவியையும் மாற்ற வேண்டும்.

எங்கே கோட்டை விடுகிறார்கள்?

1. முதல் நாள் பாஸ்வேர்டு: எதையும் மாற்றாமல் மினியோவை ஓட்டினால் யூசர்நேம், பாஸ்வேர்டு இரண்டுமே ‘மினியோஅட்மின்’தான். இது ஊரறிந்த ரகசியம். குறைந்தபட்சம் 8 எழுத்து இருந்தாலே மினியோ ஏற்றுக்கொள்ளும். ஆனால், ஊகிக்க முடியாத நீளமான பாஸ்வேர்டு வைப்பதுதான் பாதுகாப்பு.

2. ஃபயர்வாலைத் தாண்டும் டாக்கர்: பலரும் ஏமாறும் இடம் இது. டாக்கரில் ‘9000:9000’ என்று போர்ட்டைத் திறந்தால், லினக்ஸின் நெட்வொர்க் விதிகளில் டாக்கர் தானாகவே வழி ஏற்படுத்திக்கொள்ளும். யுஎஃப்டபிள்யூ ஃபயர்வாலில் தடை போட்டிருந்தாலும் பலன் இல்லை. ‘127.0.0.1:9000:9000’ என்று எழுதினால் அந்த சர்வருக்குள் இருந்து மட்டுமே அணுக முடியும். நிர்வாகப் பக்கம் வழக்கமாக இருக்கும் 9001-க்கும் இதே முறைதான். அதை விபிஎன் வழியாக மட்டும் திறப்பது நல்லது.

3. எச்டிடிபிஎஸ் இல்லாத பாதை: வெளியில் இருந்து வருபவர்களுக்கு என்ஜின்எக்ஸ், கேடி போன்ற ஒன்றை முன்னால் நிறுத்தி, 443 போர்ட் வழியாக மட்டும் அனுமதிக்க வேண்டும். லெட்ஸ் என்கிரிப்ட் மூலம் சான்றிதழ் இலவசமாகவே கிடைக்கிறது.

4. எல்லாவற்றுக்கும் ஒரே சாவி: செயலியின் கோடுக்குள் ரூட் பாஸ்வேர்டை எழுதி வைப்பது வீட்டின் மாஸ்டர் சாவியைப் பால்காரரிடம் கொடுப்பது மாதிரி. ஒவ்வொரு செயலிக்கும் தனி யூசர் வேண்டும். படத்தை ஏற்றவும் பார்க்கவும் மட்டும் அனுமதி. அழிக்க அனுமதி கூடாது. அதுவும் அதற்கென உள்ள பக்கெட்டில் மட்டும்.

5. பப்ளிக் பக்கெட்: ‘படம் ஓப்பன் ஆகலை’ என்றதும் பலர் அவசரத்தில் பக்கெட்டையே பப்ளிக் ஆக்கிவிடுகிறார்கள். அதற்குப் பதிலாக, குறிப்பிட்ட நேரத்துக்குப் பிறகு காலாவதியாகும் லிங்க்கை உருவாக்கித் தரலாம். அதிகபட்சம் 7 நாள் வரை வைக்கலாம். நோயாளி ரிப்போர்ட் பார்க்க 15 நிமிடமே தாராளம்.

6. பேக்கப்பும் அதே இடத்தில்: கோட் ஸ்பேசஸ் என்ற நிறுவனத்தின் அமேசான் கணக்குக்குள் 2014 ஜூனில் புகுந்த ஒருவர், தகவல்களோடு பேக்கப்களையும் அழித்தார். நிறுவனமே மூடப்பட்டது. கிளவுடோ, சொந்த சர்வரோ, பாடம் ஒன்றுதான். பேக்கப் வேறு இடத்தில், வேறு சாவியில் இருக்க வேண்டும். பழைய பிரதிகளைக் காக்கும் வெர்ஷனிங், குறிப்பிட்ட காலம்வரை அழிக்க விடாத ஆப்ஜெக்ட் லாக் ஆகிய வசதிகளையும் பயன்படுத்தலாம்.

அப்டேட்டில் புதிய சிக்கல்

2025 அக்டோபரில், இலவசப் பதிப்புக்கான தயார்நிலை டாக்கர் இமேஜ்களை வெளியிடுவதை மினியோ நிறுத்திவிட்டது. டிசம்பரில் அந்தப் பதிப்பு வெறும் பராமரிப்பு நிலைக்குப் போனது. அதாவது, பழைய இமேஜை வைத்துக்கொண்டு ‘லேட்டஸ்ட்’ என்று நம்பியிருப்பவர்களுக்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் தானாக வந்து சேராது. கட்டணப் பதிப்புக்கோ வேறு சாஃப்ட்வேருக்கோ மாற வேண்டும். புதிதாகத் தொடங்குபவர்கள் எந்த சாஃப்ட்வேராக இருந்தாலும், திருத்தங்கள் தொடர்ந்து வருகின்றனவா என்று முதலில் பார்ப்பது அவசியம்.

சட்டம் என்ன சொல்கிறது?

தனிநபர் தரவுகளைக் காக்கப் போதிய பாதுகாப்பு ஏற்பாடு செய்யத் தவறினால் 250 கோடி ரூபாய் வரை அபராதம் விதிக்க, இந்தியாவின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023 வகை செய்கிறது. இதற்கான விதிகள் 2025 நவம்பரில் வெளியாகி, படிப்படியாக அமலாகின்றன. இதுதவிர, தரவுக் கசிவு போன்ற சைபர் சம்பவங்கள் தெரியவந்த 6 மணி நேரத்துக்குள் செர்ட்-இன் அமைப்புக்குத் தகவல் தர வேண்டும் என்ற உத்தரவு 2022-லேயே வந்துவிட்டது.

இன்றே என்ன செய்யலாம்?

அலுவலக வைஃபையை அணைத்துவிட்டு, மொபைல் டேட்டாவில் சர்வர் முகவரியுடன் 9000, 9001 போர்ட் எண்களைப் போட்டுத் திறந்து பார்க்கலாம். சர்வரிடம் இருந்து ஏதாவது ஒரு பக்கமோ, பிழைச் செய்தியோ பதிலாக வந்தால் கதவு தெருவைப் பார்த்துத் திறந்திருக்கிறது என்று அர்த்தம். முதலில் அதை மூடிவிட்டு, அடுத்து பாஸ்வேர்டை மாற்ற வேண்டும். பிறகு, பேக்கப்பில் இருந்து ஒரே ஒரு ஃபைலையாவது மீட்டுப் பார்க்க வேண்டும். அது திறந்தால்தான் பேக்கப் இருக்கிறது என்று நம்பலாம்.