எட்ட இருந்து இயக்கும் மைக்ராஸ்கோப்

செங்கற்பட்டு ஜில்லாவில், மகாபலிபுரத்துக்குச் செல்லும் பழைய சாலையையொட்டி இருக்கிறது சிறுசேரி. அங்குள்ள சிப்காட் தகவல் தொழில்நுட்பப் பூங்காவில் அமர்ந்தபடியே நம் வாலிபர்கள் கடல் கடந்த கம்பெனிகளின் கம்ப்யூட்டர்களைப் பராமரித்து வருகிறார்கள். அந்நியருக்குப் பயன்படும் இவ்வித்தை நம் கலாசாலை மாணவனுக்கு ஏன் பயன்படலாகாது?

வழி இல்லாமலில்லை. இந்திய சர்க்கார் 2009-ம் வருஷத்தில் ஆரம்பித்த தேசியத் திட்டத்தின் கீழ், கோயமுத்தூரைத் தலைமையிடமாகக் கொண்ட அம்ருதா சர்வகலாசாலை ஜீவசாஸ்திரப் பரிசோதனைகளை இன்டர்நெட் மூலம் அளித்திருக்கிறது. அவற்றில் பல, கம்ப்யூட்டர் காட்டும் பாவனைகளே. எனினும் மெய்யான மைக்ராஸ்கோப்பை எட்ட இருந்து இயக்கும் ஏற்பாடும் உண்டு. இத்தகைய ஏற்பாட்டில் மாணவன் கட்டளையிட, மோட்டார் கருவியை நகர்த்தும்; காமிரா காட்சியை அனுப்பும்.

நல்ல கருவியைக் காணாமல், பிறர் வரைந்த படத்தை ரிக்கார்டு நோட்டில் நகலெடுக்கும் கிராமத்து மாணவனுக்கு இது பேருதவி என்பதில் ஐயமில்லை. ஒரே கருவியைப் பல கலாசாலைகள் முறைவைத்து உபயோகிக்கலாம்.

ஆயினும் ஓர் எச்சரிக்கை அவசியம். வெங்காயச் சவ்வை உரித்து, சாயமிட்டு, கண்ணாடித் தகட்டில் பரப்பும் பழக்கம் விரல்களுக்கே உரியது. அதைக் கம்பி வழியே அனுப்ப முடியாது. எட்ட உள்ள கருவியைக் காரணங்காட்டி, கிட்ட இருக்கவேண்டிய பரிசோதனைச் சாலையை மறுப்பது அநியாயம். விலையுயர்ந்த கருவி பொதுவாக இருக்கட்டும்; எளிய மைக்ராஸ்கோப் ஒவ்வொரு கலாசாலையிலும் இருக்கட்டும். இரண்டையும் அளிப்பதே சர்க்காரின் கடமை. அதைக் கேட்டுப் பெறுவது நம் கடமை.