முப்பத்தைந்தாயிரம் அடியில் பால்கோவா

சோழபுரத்திலிருந்து கோலாலம்பூர் போகிறவருக்கு அதிக நேரம் பிடிப்பது திருச்சி வரைக்குமான சாலைதான். ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர், மதுரை என்று பஸ் மாறிப் போனால் 220 கிலோமீட்டருக்கு எப்படியும் ஐந்து மணி நேரம் ஆகிவிடும். திருச்சியில் விமானம் ஏறிய பிறகு, சுமார் 2,700 கிலோமீட்டரைத் தாண்ட நான்கு மணி நேரம்கூட ஆகாது. 1926-இல் கட்டப்பட்ட 'ரஜூலா' கப்பலில் நாகப்பட்டினத்தில் ஏறிய நம் முன்னோர்கள், பினாங்குக் கரையைப் பார்க்கப் பல நாள் அலையில் கிடந்தார்கள். இன்று வெள்ளிக்கிழமை ராத்திரி கிளம்பி, இரண்டு நாள் சுற்றிச் சாப்பிட்டுவிட்டு, திங்கட்கிழமை வேலைக்குத் திரும்ப முடிகிறது. 2023 டிசம்பர் 1 முதல் இந்தியர்கள் 30 நாள் வரை விசா இல்லாமல் வரலாம் என்று மலேசியா கதவைத் திறந்ததும் இதை இன்னும் சுலபமாக்கிவிட்டது. (விதிகள் மாறும், கிளம்பும் முன் ஒருமுறை சரிபார்த்துக்கொள்வது நல்லது. மலேசியாவின் இணைய வருகைப் படிவத்தையும் மறக்காமல் நிரப்ப வேண்டும்.)

இவ்வளவு தூரம் மலிவு விமானங்கள் இவ்வளவு குறைந்த காசுக்கு எப்படிக் கொண்டுபோகின்றன? 'சூரரைப் போற்று' பார்த்தவர்களுக்குச் சோழவந்தான் நெடுமாறனைத் தெரியும். அந்தக் கதைக்கு ஆதாரமான கேப்டன் கோபிநாத், மலிவு விமான நிறுவனமான ஏர் டெக்கானைத் தொடங்கியது 2003-இல். ஆனால் அந்த மலிவுச் சூத்திரம் அதைவிடப் பழையது. அமெரிக்காவின் டெக்சாஸில் 1971-இல் பறக்கத் தொடங்கிய சவுத்வெஸ்ட் நிறுவனம், அடுத்த ஆண்டே பணமுடை வந்து, இருந்த நான்கு விமானங்களில் ஒன்றை விற்றது. கால அட்டவணையை மட்டும் குறைக்கவில்லை. மூன்று விமானங்களை வைத்துக்கொண்டு நான்கின் வேலையைச் செய்ய ஒரே வழி, தரையில் நிற்கும் நேரத்தைச் சுருக்குவது. வந்து நின்ற விமானத்தைப் பத்தே நிமிடத்தில் மறுபடி கிளப்பினார்கள். விமானம் பறக்கும்போதுதான் சம்பாதிக்கும், நிற்கும்போது செலவு வைக்கும் என்பதை அந்த நெருக்கடி உலகத்துக்கே கற்றுக்கொடுத்தது. நம் ஊர் ஷேர் ஆட்டோக்காரருக்கு இது தெரிந்த கணக்குதான்.

அந்தச் சூத்திரத்தை நம் பக்கத்துக் கடலுக்குக் கொண்டுவந்தது மலேசியாவின் ஏர் ஏசியா. 2001-இல் டோனி பெர்னாண்டஸ் அதை ஒரு ரிங்கிட் கொடுத்து வாங்கினார். கூடவே பெருங்கடனும் வந்தது. சூத்திரத்தின் அடுத்த பாகம் இருக்கைக் கணக்கு. ஏ320 ரக விமானத்தில் சொகுசு வகுப்பும் வைத்தால் 150 பேர் அளவில்தான் உட்காரலாம். எல்லாமே சாதாரண வகுப்பு என்றால் 180 பேர். எரிபொருள் செலவு ஏறக்குறைய அதேதான், பங்கு போடுகிறவர்கள்தான் கூடுகிறார்கள். தோராயமாகக் கணக்குப் போட்டால் திருச்சியிலிருந்து கோலாலம்பூருக்கு ஓர் ஆளைக் கொண்டுபோக 60, 70 லிட்டர் எரிபொருள் ஆகும். சோழபுரத்திலிருந்து திருச்சிக்குக் காரில் தனியாகப் போய்த் திரும்பினாலே அதில் பாதி தீர்ந்துவிடும். நள்ளிரவிலும் விடியற்காலையிலும் மலிவு விமானங்கள் புறப்படுவதற்கோ அந்த ஷேர் ஆட்டோக் கணக்குதான் காரணம்: வாங்கிப் போட்ட விமானம் தூங்கக் கூடாது.

இந்தச் சிக்கனத்தில் முதலில் கழன்று விழுந்தது சாப்பாடு. தட்டு, தள்ளுவண்டி, சூடேற்றும் அடுப்பு எல்லாமே எடை. பரிமாறிய பிறகு சுத்தம் செய்ய நேரம். பசித்தால் காசு கொடுத்து வாங்கிக்கொள்ளுங்கள் என்று விட்டுவிட்டார்கள். இதைக் கஞ்சத்தனம் என்று நிறையப் பேர் திட்டுவார்கள். நான் திட்டமாட்டேன். ஆகாயத்தில் சாப்பிடுவது என்பதே நாக்குக்குச் செய்கிற துரோகம்.

விமானம் 35,000 அடியில் பறக்கும்போது வெளியே குளிர் மைனஸ் 54 டிகிரி. காற்றழுத்தம் தரையில் இருப்பதில் நாலில் ஒரு பங்குக்கும் குறைவு. அதில் மனிதன் சில நிமிடம்கூடத் தாக்குப்பிடிக்க மாட்டான் என்பதால், உள்ளே காற்றை அழுத்தி நிரப்புகிறார்கள். ஆனால் தரை மட்டத்து அழுத்தத்துக்குக் கொண்டுவருவதில்லை. அப்படிச் செய்தால் விமானத்தின் உடல் உப்பி இழுபடும். அதைத் தாங்க இன்னும் கனமான கூடு வேண்டும். ஆகவே அதிகபட்சம் 8,000 அடி உயரத்து மலையில் நிற்பதுபோன்ற அழுத்தத்தில் வைக்கிறார்கள். கொடைக்கானல் சுமார் 7,000 அடி. விமானம் மேலே எழும்பிய அரை மணி நேரத்துக்குள், உங்கள் உடம்பு கொடைக்கானலையும் தாண்டி மேலே போய்விடக்கூடும். பையிலிருக்கும் சேவு பாக்கெட் பலூனாக உப்புவது இதனால்தான். உள்ளே அடைபட்ட காற்று மூன்றில் ஒரு பங்கு கூடுதலாக விரியப் பார்க்கிறது. அந்த உயரத்து அழுத்தத்தில் தண்ணீர் 92 டிகிரியிலேயே கொதித்துவிடும் என்பதால் டீயும் சரியாக இறங்காது.

அழுத்தத்தைவிடப் பெரிய வில்லன் வறட்சி. அந்த உயரத்துக் காற்றில் ஈரமே கிடையாது. அதை இழுத்துத்தான் உள்ளே விடுகிறார்கள். விமானத்துக்குள் ஈரப்பதம் பெரும்பாலும் 20 சதவீதத்துக்குக் கீழே. நம் அக்கினி நட்சத்திர மதியம்கூட அவ்வளவு காய்வது அபூர்வம். மூக்கின் உள்தோல் காய்ந்துபோகிறது. சுவை என்று நாம் சொல்வதில் பெரும்பகுதி, மெல்லும்போது தொண்டையின் பின்வழியாக மூக்குக்கு ஏறும் வாசனை. மூக்கு காய்ந்தால் சளி பிடித்தவன் சாப்பிட்ட கதைதான்.

ஜெர்மனியின் ஃபிரான்ஹோஃபர் ஆய்வு நிறுவனத்தில் இதைச் சோதித்தே பார்த்தார்கள். ஓர் ஏர்பஸ் ஏ310-இன் முன்பாகத்தை அழுத்தம் குறைக்கக்கூடிய பெரிய அறைக்குள் வைத்து, ஆட்களை உட்காரவைத்து, சாப்பாடு போட்டார்கள். உப்பும் இனிப்பும் கணிசமாக மங்கின. புளிப்பு, கசப்பு, காரம் ஏறக்குறைய அப்படியே இருந்தன. ஜெர்மன் விமான நிறுவனமான லுஃப்தான்சாவை இந்த ஆராய்ச்சிக்குத் தூண்டியது ஒரு விநோதம்: தரையில் தக்காளிச் சாற்றைத் தொடாதவர்கள் எல்லாம் விமானத்தில் அதைக் கேட்டு வாங்கிக் குடித்தார்கள். பிறகு 2015-இல் அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் இன்னொரு முடிச்சு அவிழ்ந்தது. என்ஜின் இரைச்சல் அளவுக்குக் காதில் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தால், இனிப்பு மங்குகிறது. உமாமி என்னும் ஐந்தாம் சுவை கூடித் தெரிகிறது. தக்காளி, காளான், கருவாடு ஆகியவற்றில் நாக்கைச் சுண்டும் அந்த ருசியை 1908-இல் கடற்பாசிச் சாற்றிலிருந்து பிரித்துக் காட்டியவர் ஜப்பானியரான கிகுனே இகேடா.

இதை நம் ஊர்ப் பண்டங்களுக்குப் பொருத்திப் பார்த்தால் வேடிக்கையாக இருக்கிறது. ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவுக்கு 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. பாலும் சர்க்கரையும் மட்டும். அதன் பெருமை முழுக்க இனிப்பிலும், பாலைக் கிண்டிக் கிண்டிச் சுண்டவைக்கும்போது புரதமும் சர்க்கரையும் சேர்ந்து உண்டாக்கும் மணத்திலும் இருக்கிறது. இனிப்பை இரைச்சல் பிடுங்கிக்கொள்ளும், மணத்தைக் காய்ந்த மூக்கு தவறவிடும். விமானத்தில் பிரித்துத் தின்றால் பால்கோவாவை வீணடித்ததாகத்தான் அர்த்தம். அதே பையில் இருக்கும் புளியோதரை தப்பித்துவிடும். புளிப்பு மங்காது. மிளகாயின் காரமோ சுவையே அல்ல. சூட்டையும் வலியையும் உணரும் நரம்பு வழியாகப் போகிற சேதி. அந்த நரம்பு ஏற்பியைக் கண்டறிந்த டேவிட் ஜூலியஸுக்கு 2021-இல் நோபல் பரிசு கிடைத்தது. திருச்செந்தூருக்குக் கட்டுச்சோறு கட்டிய அப்பத்தாக்கள் கெட்டுப்போகாது என்றுதான் புளியைச் சேர்த்தார்கள். அது ஆகாயத்துக்கும் பொருந்தியது தற்செயல்.

ஏர் ஏசியாவில் விலைக்குக் கிடைக்கும் நாசி லெமாக் நன்றாக விற்பதற்கும் இதுவே காரணம் என்று நினைக்கிறேன். தேங்காய்ப்பாலில் வெந்த சோறு, மேலே காரச் சம்பல், அதில் நொதித்த இறால் விழுதும் நெத்திலிக் கருவாடும். விழுதிலிருந்து குளூட்டமேட், கருவாட்டிலிருந்து இனோசினேட். இவை இரண்டும் சேரும்போது உமாமி கூட்டலாக அல்ல, பெருக்கலாக ஏறும். விமானத்தில் மங்காத எல்லாமும் அந்த ஒரு பொட்டலத்தில் இருக்கிறது. 2019 டிசம்பரில் விமானச் சாப்பாட்டையே கோலாலம்பூர் தரையில் 'சந்தான்' என்று கடை போட்டு விற்றார்கள். அந்த அளவுக்கு அதற்கு ரசிகர்கள்.

ஆனாலும் பசியோடு இறங்குங்கள் என்பதே என் கட்சி. கோலாலம்பூர் நம்மைவிட இரண்டரை மணி நேரம் முந்தி ஓடுகிறது. உடம்பின் கடிகாரம் நாளுக்கு ஏறக்குறைய ஒரு மணி நேரம்தான் நகரும். அது பழகுவதற்குள் நீங்கள் ஊர் திரும்பிவிடுவீர்கள். அதனால் பழகவே முயலாமல் சோழபுரத்து நேரத்திலேயே இருந்துவிடலாம். அங்கே விடிய விடியத் திறந்திருக்கும் மாமாக் கடைகள், தமிழ் முஸ்லிம்கள் வளர்த்த கடைகள், அதற்கென்றே இருக்கின்றன. நள்ளிரவில் ரொட்டி சானாயும் பருப்புக் குழம்பும் கிடைக்கும். விருதுநகர் எண்ணெய்ப் பரோட்டாவில் வளர்ந்த நாக்குக்கு அது சொந்தக்காரர் வீட்டுச் சாயல். மாவை ஊறவைத்து, எண்ணெயில் புரட்டி, துணிபோல் வீசி விரிப்பதெல்லாம் ஒன்றே. வித்தியாசம், ரொட்டி சானாயைப் பொரிக்காமல் கல்லில் சுடுகிறார்கள். தே தாரிக் என்னும் அவர்கள் ஊர் டீயை ஆற்றும் வேகத்தைப் பார்த்தால் நம் டீ மாஸ்டர்களுக்கே பொறாமை வரும்.

கடைசியாக, மலேசியச் சொந்தங்களுக்குப் பொருள் கொண்டுபோகும் தென்னந்தோப்புக்காரர்களுக்கு ஒரு வேண்டுகோள். பால்கோவாவைத் தாராளமாக எடுத்துப் போய், அங்கே போய்ப் பிரித்துக் கொடுங்கள். கொப்பரைத் தேங்காயை மட்டும் எடுக்காதீர்கள். அதில் பாதிக்கு மேல் எண்ணெய். ஈரம் பட்டு அடைந்து கிடந்தால் தானாகவே சூடேறித் தீப்பிடிக்கக்கூடியது என்று ஐ.நா.வின் அபாயப் பொருள் பட்டியலிலேயே அது இருக்கிறது. இந்திய விமான நிலையங்களில் பெட்டியில் போட அனுமதி கிடையாது, திறந்து எடுத்துவிடுவார்கள்.