பாஸ்பரஸ் சுழற்சியில் வாயு உண்டா?

கார்பன் சுழற்சியையும் நைட்ரஜன் சுழற்சியையும் கரும்பலகையில் வரையும்போது, வளிமண்டலத்தை நோக்கி அம்புக்குறிகள் போடுகிறோம். பாஸ்பரஸ் சுழற்சிக்கு வந்தால் அந்த அம்புக்குறி இல்லை. பாறை, மண், தாவரம், விலங்கு, சிதைப்பவை, கடலடிப் படிவு என்று படம் தரையோடும் நீரோடும் முடிந்துவிடுகிறது. "ஏன் டீச்சர், பாஸ்பரஸ் மட்டும் காற்றுக்குப் போகாதா?" என்று ஒரு மாணவி கேட்டால் என்ன சொல்வது? பாஸ்பீன் என்ற வாயுவைப் பற்றி மேல்நிலை வேதியியலில் நாமே பாடம் நடத்துகிறோம். ஒரு பாஸ்பரஸ் அணுவும் மூன்று ஹைட்ரஜன் அணுக்களும் சேர்ந்த வாயு அது. அப்படியானால் இயற்கையில் அது உருவாவதே இல்லையா?

உருவாகிறது. ஆனால் மிக மிகக் குறைவாக. இந்த "மிகக் குறைவாக" என்பதை மாணவருக்கு எப்படிப் புரியவைப்பது என்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

தியாகராய நகரிலிருந்து அடையாறு வரை

நம் ஊரிலிருந்தே தொடங்கலாம். சோறு, பருப்பு, மீன், முட்டை எல்லாவற்றிலும் பாஸ்பரஸ் உண்டு. உடலுக்குத் தேவையானது போக மீதி கழிவோடு வெளியேறுகிறது. சிலவகைச் சலவைத்தூள்களிலும் பாஸ்பேட் இருக்கும். பாதாளச் சாக்கடை வழியாகச் சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போகவேண்டிய கழிவுநீரில் ஒரு பகுதி கால்வாய்களில் கலந்துவிடுகிறது. தியாகராய நகர் வழியே ஓடும் மாம்பலம் கால்வாய் நந்தனம் அருகே அடையாற்றில் சேர்கிறது. மயிலாப்பூர்ப் பகுதியில் பறக்கும் ரயில் பாதைக்குக் கீழே பக்கிங்காம் கால்வாய் ஓடுகிறது. திருமயிலை நிலையத்தில் நின்று பார்த்தால் அதன் கறுப்பு நிறம் தெரியும்.

அடையாற்றின் முகத்துவாரத்தில் அடிக்கடி மணல் திட்டு அடைத்துக்கொள்கிறது. நீரோட்டம் மந்தமாகும்போது கழிவு அடியில் படிந்து சேறாகிறது. அந்தச் சேற்றில் உள்ள ஆக்சிஜனைப் பாக்டீரியாக்கள் விரைவில் தீர்த்துவிடுகின்றன. பிறகு ஆக்சிஜன் தேவைப்படாத பாக்டீரியாக்கள் வேலையைத் தொடங்குகின்றன. சில சல்பேட்டை ஒடுக்கி ஹைட்ரஜன் சல்பைடு உண்டாக்குகின்றன. அழுகிய முட்டை நாற்றம் அதனால்தான். வேறு சில மீத்தேனை உண்டாக்குகின்றன. கால்வாயில் எழும் குமிழிகளில் அதுவே அதிகம்.

பாஸ்பேட் என்ன ஆகிறது? ஆக்சிஜன் உள்ள சேற்றில் இரும்பு அதைப் பிடித்துவைத்திருக்கும். ஆக்சிஜன் தீர்ந்ததும் இரும்பு ஒடுக்கமடைகிறது, பிடி தளர்கிறது, பாஸ்பேட் மறுபடி நீரில் கரைகிறது. பாசியும் ஆகாயத்தாமரையும் செழிப்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம். பெருமளவு பாஸ்பரஸ் செல்லும் பாதை இதுதான்.

கணக்கில் வராத பாஸ்பரஸ்

சிறிய அளவு வேறொரு பாதையிலும் செல்கிறது. ஹங்கேரி நாட்டு ஆய்வாளர்கள் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்துக்குள் வந்த பாஸ்பரஸையும் வெளியேறிய பாஸ்பரஸையும் ஒப்பிட்டபோது கணக்கு ஒத்துப்போகவில்லை. காற்றில் தேடினார்கள். பாஸ்பீன் கிடைத்தது. 1988இல் 'நேச்சர்' இதழில் இது வெளியானது. 1993இல் ஜெர்மனியின் ஹாம்பர்க் துறைமுகச் சேற்றிலும் பாஸ்பீன் இருப்பதாக ஆய்வு வந்தது.

பாஸ்பேட்டைப் பாஸ்பீனாக ஒடுக்குவது, சல்பேட்டை ஒடுக்குவதைவிட ஆற்றல் அளவில் மிகக் கடினம். ஆகவே இதைப் பாக்டீரியாக்கள் நேரடியாகச் செய்கின்றனவா என்று இன்றும் விவாதம் நடக்கிறது. இரும்பில் மாசாகக் கலந்திருக்கும் பாஸ்பைடு, துருப்பிடிக்கும்போது பாஸ்பீனை வெளிவிடுகிறது என்பது மற்றொரு விளக்கம்.

பெங்குவின் மண்

தொழிற்சாலையும் சாக்கடையும் இல்லாத துருவப் பகுதியில் என்ன நிலை? இந்தியாவின் மைத்ரி (1989), பாரதி (2012) ஆய்வு நிலையங்கள் இருக்கும் அண்டார்டிகாவை வரைபடத்தில் காட்டிவிட்டு இதைத் தொடரலாம். பெங்குவின்கள் கடலில் இறால் போன்ற கிரில்லையும் மீனையும் தின்று, கரையில் கூட்டமாக அடைகாக்கின்றன. எச்சம் குவிகிறது, கடலின் பாஸ்பரஸ் நிலத்துக்கு வருகிறது. வேடந்தாங்கலில் பறவைகளின் எச்சம் கலந்த ஏரிநீர் வயலுக்கு உரமாவதும் இதே வகைதான்.

சீன ஆய்வாளர்கள் அண்டார்டிகாவின் கரையோர மண்ணை ஆராய்ந்து 2006 முதல் முடிவுகளை வெளியிட்டனர். பெங்குவின் எச்சம் சேர்ந்த மண்ணிலும் அங்குள்ள காற்றிலும் பாஸ்பீன் இருந்தது. அதில் பெரும்பகுதி மண்துகள்களோடு பிணைந்தே இருக்கிறது. மண்ணை அமிலத்துடனோ காரத்துடனோ சூடாக்கி, வெளிவரும் வாயுவை வாயு வண்ணப்பிரிகைக் கருவியால் அளக்கிறார்கள்.

பாடநூல் சொல்வது தவறா?

இல்லை. இயற்கையில் காணப்படும் பாஸ்பீனின் அளவு நானோகிராமில் குறிக்கப்படுகிறது. ஒரு கிராமின் நூறு கோடியில் ஒரு பங்குதான் நானோகிராம். காற்றில் கலந்த பாஸ்பீனும் நீடிப்பதில்லை. பகல் வெளிச்சத்தில் உருவாகும் ஹைட்ராக்சில் தனி உறுப்புகள் அதைச் சில மணி நேரத்தில் சிதைக்கத் தொடங்கிவிடும். முடிவில் பாஸ்பேட்டாகி மழையோடு தரைக்கு வரும். எனவே பாஸ்பரஸ் சுழற்சியைப் படிவுச் சுழற்சி என்பது சரியே. "வாயு நிலை இல்லை" என்பதற்குப் பதில் "வாயு நிலையின் பங்கு மிகக் குறைவு" என்று சொன்னால் போதும். படத்தில் மேல்நோக்கி ஓர் அம்புக்குறியைப் புள்ளிக்கோடாக வரையலாம்.

அந்தக் கோடு மெல்லியது என்பதில்தான் பெரிய செய்தி இருக்கிறது. கடலுக்குப் போன நைட்ரஜன் காற்று வழியே திரும்பும். பாஸ்பரஸ் அப்படித் திரும்பாது. பறவைகள் கொஞ்சம் கொண்டுவரும். மற்றபடி கடலடிப் படிவு பாறையாகி மேலெழக் கோடிக்கணக்கான ஆண்டுகள் ஆகும். உரத்துக்கான பாஸ்பேட் பாறையை இந்தியா பெரும்பாலும் இறக்குமதி செய்கிறது. மாம்பலம் கால்வாயில் போவது கழிவு மட்டுமன்று. வயலுக்குத் திரும்ப வேண்டிய சத்தும்தான்.

வகுப்பறையில்

கொள்ளிவாய்ப் பேய் பற்றி மாணவர்கள் கேட்பார்கள். சதுப்பு நிலத்தில் எழும் மீத்தேனை, பாஸ்பீனோடு வரும் டைபாஸ்பீன் தானாகத் தீப்பற்றவைக்கிறது என்பது நெடுநாளைய விளக்கம். இது களத்தில் உறுதியாக நிரூபிக்கப்பட்டதன்று. "இப்படி விளக்கப்படுகிறது" என்று சொல்வதே நேர்மை.

தொடக்க வகுப்புகளில், "நம் பள்ளியில் கை கழுவிய நீர் எங்கே போகிறது?" என்று கேட்டு, கடல் வரை வரையச் சொல்லலாம். உயர்நிலை வகுப்பில், கையுறை அணிந்து குளத்துச் சேற்றை ஒரு ஒளிபுகும் பாட்டிலில் பாதியளவு எடுத்து, காகிதத் துண்டுகள் கலந்து, நீர் ஊற்றி, மூடியைத் தளர்வாக வைத்து சில வாரங்கள் கவனிக்கலாம். ஆக்சிஜன் இல்லாத அடிப்பகுதி மெல்லக் கறுப்பதைக் காணலாம்; அது இரும்பு சல்பைடு. சாக்கடைச் சேற்றைப் பயன்படுத்த வேண்டாம். பாட்டிலை முகர்ந்து பார்க்கவும் விடவேண்டாம்.

ஓர் எச்சரிக்கை. பாஸ்பீன் கொடிய நச்சு வாயு. பள்ளி ஆய்வகத்தில் அதைத் தயாரிக்கக் கூடாது. தானியக் கிடங்குகளில் பூச்சியைக் கொல்ல வைக்கும் அலுமினியம் பாஸ்பைடு மாத்திரை, ஈரக்காற்று பட்டாலே இந்த வாயுவை வெளிவிடும். அதை வீட்டு அரிசி மூட்டையில் போடக் கூடாது என்பதை மாணவர் வழியே பெற்றோருக்கும் தெரிவிப்போம். பெங்குவின் மண்ணில் நானோகிராம் அளவில் தீங்கற்றுக் கிடக்கும் அதே வாயு, மூடிய அறையில் உயிரைப் பறிக்கும். அளவு என்பது அறிவியலில் எவ்வளவு முக்கியம் என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு வேண்டியதில்லை.